நிமிடத்துக்கு 138 – 9: உச்சத்துக்குப் பிறகு

ட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசையின் டச்சு டி.ஜே. ஃபெர்ரி கார்ஸ்டனை 1999-ஆம் ஆண்டின் வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தோம். ராட்டர்டாம், கார் கழுவிச் சேர்த்த காசில் வாங்கிய முதல் கீபோர்டு, கேபர் என்ற அதிவேக நடன இசைக் காலத்துப் புனைபெயர்கள் எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அவரும் இன்னொரு டச்சு டி.ஜே.யான டியெஸ்டோவும் சேர்ந்து நடத்திய கௌரியெல்லா என்ற இரட்டையர் முயற்சி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. அதன் பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் பிறந்தது 1910 மார்ச் 9. உலகமே துக்கத்துக்கு வாசிக்கும் அவருடைய 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' முதலில் ஒரு நால்வர் வாத்தியக் கோவையின் நடுப்பகுதியாகத்தான் பிறந்தது. அதை அவர் எழுதி முடித்தது 1936 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 26. ஃபெர்ரி கார்ஸ்டன் பிறந்தது 1973 டிசம்பர் 4. அதே அடாஜியோவை நடன அரங்குக்குக் கொண்டுபோன அவருடைய ரீமிக்ஸ் பிரிட்டனில் கடைக்கு வந்தது 1999 டிசம்பரில். அந்த மாதம்தான் அவருக்கும் 26 நிறைந்தது.

இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் இதை விட்டு நகர முடியவில்லை. அந்த இசையைக் கேட்டவர்களிடம் கேளுங்கள், வாழ்ந்து களைத்த ஒரு கிழவர் எழுதியது என்றுதான் சொல்வார்கள். எழுதியவர், நண்பர் ஜான் கார்லோ மெனோட்டியோடு ஆஸ்திரியாவின் செயின்ட் வுல்ஃப்காங் ஏரிக்கரையில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்த இளைஞர். எழுதி முடித்த அன்றே ஒரு செல்லோ கலைஞருக்குக் கடிதம் போட்டார். கோவையின் மெதுவான பகுதி முடிந்துவிட்டது, கேட்பவர்களைச் சாய்த்துவிடும் என்று அதில் உற்சாகம் பொங்குகிறது. துக்கத்தின் சாயலே அந்தக் கடிதத்தில் இல்லை. ஒரு சமாசாரம் கையில் சரியாக வந்துவிட்டது என்ற தொழில்காரனின் துள்ளல் மட்டும்தான் இருக்கிறது. கார்ஸ்டனின் 1999-ஐப் பார்க்கும்போதும் எனக்குத் தெரிவது அதே துள்ளல்தான்.

அந்த நால்வர் கோவை 1936 டிசம்பரில் ரோமில் அரங்கேறியது. பிறகு பார்பர் அதன் மெதுவான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, நரம்பு வாத்தியங்கள் மட்டுமே உள்ள பெரிய குழுவுக்காக விரித்து எழுதினார். 1938 தொடக்கத்தில் அதை ஆர்டுரோ டோஸ்கனினிக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய கண்டக்டர் கிடையாது. கொஞ்ச நாளில் ஸ்கோர் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி கூட இல்லை. பார்பருக்குக் கடும் கோபம். அந்தக் கோடையில் டோஸ்கனினியைப் பார்க்க மெனோட்டி மட்டும் போனார், பார்பர் போகவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பது கிழவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட வேண்டாம் என்று சொல், அதை நான் நடத்தப்போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஸ்கோரைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், அது முழுக்க அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டதுதான் என்று அந்தக் கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. 1938 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் என்.பி.சி. சிம்பொனிக் குழு அதை வாசித்தது. ரேடியோ நிலையத்தின் ஸ்டூடியோவிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒலிபரப்பு. இந்த அடாஜியோவைப் பெரும்பான்மை மக்கள் முதன்முதலில் கேட்டது வீட்டுக் கூடத்து ரேடியோப் பெட்டியில்தான்.

அதன் பிறகு அது துக்கத்தின் இசையாகிவிட்டது. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தபோது ரேடியோவில் அது ஒலித்தது. 1986-இல் 'பிளாட்டூன்' படத்தில் வியட்நாம் காடுகளுக்கு மேல் ஒலித்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு லண்டன் ப்ராம்ஸ் விழாவின் கடைசி இரவில், வழக்கமான கொண்டாட்டப் பாட்டுகளை நிறுத்திவிட்டு இதைத்தான் வாசித்தார்கள். இவற்றில் 1963-இல் நடந்தது தனி. ஜான் கென்னடிக்குப் பிடித்த இசைகளில் இதுவும் ஒன்று. அவர் சுடப்பட்டு இறந்த அடுத்த திங்கட்கிழமை, மனைவி ஜாக்கி கென்னடி வாஷிங்டனின் நேஷனல் சிம்பொனிக் குழுவை இதை வாசிக்கச் செய்தார். அரங்கத்தில் ஒருவர் கூட இல்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்து வாசித்தார்கள். ரேடியோ அதை நாட்டுக்குக் கொண்டு சேர்த்தது.

36 ஆண்டுகள் கழித்து அதே ஸ்வரங்கள், மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, கைகளைத் தூக்கி நிற்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒலித்தன. இதை அவமதிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் அந்த இசை கார்ஸ்டன் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இடையில் நிற்பவர் வில்லியம் ஆர்பிட். மடோனாவின் 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்தைத் தயாரித்த ஆங்கிலேயர். செவ்வியல் இசைத் துண்டுகளைச் சிந்தசைசரில் வாசித்து ஓர் ஆல்பம் செய்வது அவருடைய நெடுநாள் ஆசை. 1995-இல் வேறு பெயரில் அதை வெளியிட்டார். சில நாளிலேயே திரும்பப் பெற வேண்டி வந்தது. 'பீசஸ் இன் எ மாடர்ன் ஸ்டைல்' என்ற பெயரில் அது முறையாக வெளிவந்தது 2000-இல். அதற்கு முன்னோட்டமாக 1999 டிசம்பரில் பார்பரின் அடாஜியோவை மட்டும் சிங்கிளாக விட்டார்கள். ஆர்பிட்டின் மூல வடிவத்தில் தாளமே கிடையாது. அழகானது, அடக்கமானது, வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது. கிளப்புகளுக்காக அதைத் திருத்தித் தரும் வேலை கார்ஸ்டனிடம் வந்தது. சிங்கிள் பிரிட்டிஷ் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. அப்படி ஏற்றியது கார்ஸ்டன் வடிவம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டான்ஸ் ஃபுளோரிலும் ரேடியோவிலும் சுற்றிச் சுற்றி வந்தது அதுதான்.

ஏன் கார்ஸ்டன்? அந்த ஆண்டு அவரை விட்டால் ஆள் இல்லை. சிஸ்டம் எஃப் என்ற பெயரில் அவர் போட்ட 'அவுட் ஆஃப் தி ப்ளூ' பிரிட்டிஷ் பட்டியலில் 14-ஐத் தொட்டது. வின்சென்ட் டி மோரோடு சேர்ந்து வெராகோச்சா என்ற பெயரில் 'கார்ட் ப்ளாஞ்ச்'. டியெஸ்டோவோடு கௌரியெல்லா. மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்டுக்கு 'ட்ரான்ஸ் நேஷன்' தொகுப்பு. நடுவே மோபி, ஆர்ட் ஆஃப் ட்ரான்ஸ் என்று பிறருடைய பாட்டுகளுக்கு ரீமிக்ஸ்கள். மூன்மேன், அல்பியன், பல்ப் விக்டிம், ஸ்டார்பார்ட்டி என்று பழைய பெயர்களின் பட்டியல் வேறு. அத்தனை பெயர்களுக்குப் பின்னால் இருந்தது ஒரே காதும் ஒரே கையும்.

அந்தக் கையில் இருந்த கருவியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வாரம் என்னை உலுக்கிய இரண்டாவது விஷயம் அது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1996-இல் ஜே.பி. 8000 என்ற சிந்தசைசரைக் கொண்டுவந்தது. அதில் சூப்பர்சா என்று ஓர் அலைவடிவம். சாதாரண ரம்பப்பல் அலை ஒன்றுக்குப் பதிலாக ஏழு அலைகள். ஏழும் ஒரே ஸ்வரத்தில் நிற்கும், ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை சுருதி விலகி நிற்கும். பஜனையில் ஏழு பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது ஒரு தனிக்குரலுக்கு இல்லாத அகலம் வருமே, அந்த அகலம் இதில் வரும். எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு ஒரு கட்டை, ஏழையும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டை. இவ்வளவுதான் அதன் ரகசியம். 1998, 1999, 2000 ஆண்டுகளின் ட்ரான்ஸ் முழுக்க இந்த ஒலிதான் நிரம்பியிருக்கிறது. 'அவுட் ஆஃப் தி ப்ளூ'வின் முதன்மை மெட்டைக் கேட்டால் போதும். அறையின் நான்கு சுவர்களையும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இனி பின்னோக்கிப் போவோம். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களின் தொடக்கத்தில் வயலின் நரம்பு எப்படி அதிர்கிறது என்று ஆராய்ந்தார். நரம்பில் ஒட்டிய ஒரு ஸ்டார்ச் துகளை, சுருதிக்கவையோடு இணைத்த நுண்ணோக்கியால் பார்த்தார். வில்லை இழுக்கும்போது அதன் முடி நரம்பைப் பற்றிக்கொண்டு கூடவே இழுத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் நரம்பு நழுவிச் சட்டென்று பின்னே பாய்கிறது. வில் மறுபடி பிடிக்கிறது. மெதுவான ஏற்றம், திடீர் இறக்கம், மெதுவான ஏற்றம், திடீர் இறக்கம். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. மேற்கத்திய வாத்தியக்குழு சுருதி சேர்க்கும் அந்த 'ஏ' ஸ்வரத்தில் நொடிக்கு 440 முறை. இந்த அசைவை ஒரு தாளில் கோடாக வரைந்தால் கிடைப்பது ரம்பப்பல்தான்!

வில்லால் வாசிக்கும் நரம்பு இயற்கையிலேயே ரம்பப்பல் அலையைத் தருகிறது. ஒரு வாத்தியக்குழுவில் முதல் வயலின்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது, ஒருவர் விரல் ஒருவர் விரலிலிருந்து மயிரிழை விலகித்தான் இருக்கும். அந்த விலகலில்தான் குழுவின் ஒலி அகலமாகிறது, மினுங்குகிறது. ரோலண்ட் பொறியாளர்கள் ஒரு பெட்டிக்குள் கட்டிவைத்த சூப்பர்சா, பார்பர் தன் மெதுவான பகுதியைப் பிறகு யாருக்காக விரித்து எழுதினாரோ அந்த நரம்புக் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தம். பார்பரைச் சிந்தசைசரில் கொடுத்தது செயற்கை என்று சொல்பவர்களின் காதில் இதைப் போட விரும்புகிறேன். வேறெந்த மின்னணு ஒலியைவிடவும் வயலின் கூட்டத்துக்கு அருகில் இருக்கும் ஒலியைத்தான் இந்தத் தலைமுறை ட்ரான்ஸ் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. கார்ஸ்டன் இயற்பியல் புத்தகம் படித்து அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. காது சொல்லியிருக்கும்.

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லா ட்ரான்ஸ் பாட்டும் ஒரே அச்சில்தானே இருக்கிறது, இதில் எங்கே ஒருவருடைய பாணி?" நியாயமான கேள்வி. அச்சு ஒன்றுதான். நிமிடத்துக்கு 138 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடியை விடக் குறைவு. நான்கு அடி ஒரு பார். 32 பார் ஒரு பெரிய வாக்கியம், அதற்கு ஏறத்தாழ 56 நொடி. தொடக்கத்தில் தாளம் மட்டும் வரும். இன்னொரு தட்டில் ஓடும் பாட்டோடு டி.ஜே. இதைப் பொருத்திக் கலக்க வேண்டுமே, அதற்காக. பிறகு பேஸ் சேரும், மெட்டின் நுனி தெரியும். நடுவில் ப்ரேக்டவுன்: கிக் என்ற அடித்தாள முழக்கம் நின்றுவிடும், மெட்டு மட்டும் தனியாக நிற்கும். பிறகு ஏறும், ஏறும், உச்சத்தில் கிக் திரும்பி வரும். இது எல்லோருக்கும் பொது.

பாணி இருப்பது ப்ரேக்டவுனில். எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கத் துணிகிறார், அந்த நேரத்தை எதனால் நிரப்புகிறார் என்பதில் இருக்கிறது. ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது தாளத்தை நிறுத்துவது சின்ன விஷயமில்லை. கால்கள் நிற்கும். நின்ற கால்களை அப்படியே பிடித்துவைக்க மெட்டுக்கு வலு வேண்டும். வலு இல்லாவிட்டால் கூட்டம் தண்ணீர் வாங்கப் போய்விடும். கார்ஸ்டனின் நல்ல பாட்டுகளில் ப்ரேக்டவுன் வெறும் இடைவேளையாக இருப்பதில்லை, பாட்டே அதுதான். முன்னால் வருவதெல்லாம் அதற்கான வழி, பின்னால் வருவதெல்லாம் அதன் விளைவு.

இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அவர் வளர்ந்தது ராட்டர்டாம். கேபரின் ஊர். நிமிடத்துக்கு 160, 180 என்று ஓடும், உடைந்து சிதறும் கிக் ஒலி, அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்ற நம்பிக்கை. யூரோமாஸ்ட் கோபுரத்துக்குப் பக்கத்தில் பார்க்ஸிக்ட் என்ற கிளப்பில் அது வளர்ந்தது. அந்த ஊருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இருக்கும் பகை உலகறிந்தது. பால் எல்ஸ்டாக் 1992-இல் தொடங்கிய ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸின் முதல் தட்டு யூரோமாஸ்டர்ஸ் குழுவினுடையது. ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே இருக்கிறது என்று நக்கலாகக் கேட்கும் பாட்டு. தட்டின் உறையில் யூரோமாஸ்ட் கோபுரம் ஆம்ஸ்டர்டாம் மேல் சிறுநீர் கழிப்பது போல ஒரு படம். 1940 மே மாதத்தில் ஜெர்மன் குண்டுவீச்சில் நடுநகரம் முழுக்க அழிந்து, துறைமுகத்தையும் உழைப்பையும் நம்பி மீண்டும் எழுந்த ஊர் அது. தலைநகரத்தின் நாசூக்கு அதற்குப் பிடிக்காது. அடித்துச் சொல்லும்.

கார்ஸ்டனும் அந்த ஊரின் பிள்ளையாக, பதின்ம வயதிலும் அதைத் தாண்டியும் கடுமையான ஒலியில் ஊறி வந்தவர். தாளம் கூட்டத்தை என்ன செய்யும் என்று கேபர் செய்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தொடக்கத்திலிருந்தே மென்மையான இசை செய்து வந்தவர்கள் ப்ரேக்டவுனை அலங்காரமாகப் போடுவார்கள். கார்ஸ்டன் அதை ஓர் இழப்பாகப் போடுகிறார். கிக் போய்விட்டது என்று உடம்புக்கே தெரிகிறது.

இப்போது பார்பரிடம் திரும்புவோம். அடாஜியோவின் அமைப்பைப் பாருங்கள். முதல் வயலின்கள் தனியாக ஒரே ஒரு பி ஃப்ளாட் ஸ்வரத்தைப் பிடிக்கின்றன. கீழே மற்ற வாத்தியங்கள் மெதுவாக வந்து சேர்கின்றன. மெட்டு அடுத்தடுத்த படிகளில் ஏறுகிறது, பெரிய தாவல்கள் அபூர்வம். ஒரு வாத்தியம் விட்டதை இன்னொன்று எடுக்கிறது. வயலினிலிருந்து வியோலாவுக்கு, அங்கிருந்து செல்லோவுக்கு. எல்லாம் சேர்ந்து மேலே, இன்னும் மேலே, வயலினின் கழுத்தில் விரல் போகக்கூடிய உயரம் வரை. அங்கே முழு வலுவோடு சில கனத்த கார்டுகள். பிறகு மௌனம். முழுமையான, நீண்ட மௌனம். அதன் பிறகு மிக மெல்லிய சில கார்டுகள், தொடக்க மெட்டு, முடிவு.

இதைவிடச் சரியான ப்ரேக்டவுனை எந்த ட்ரான்ஸ் தயாரிப்பாளரும் எழுதியதில்லை. படிப்படியான ஏற்றம், விடாத பதற்றம், ஒரே உச்சம். வித்தியாசம் உச்சத்துக்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. பார்பரில் உச்சத்துக்குப் பிறகு மௌனம் வருகிறது. ட்ரான்ஸில் உச்சத்துக்குப் பிறகு தாளம் வருகிறது. பார்பரின் உச்சம் உங்களை ஒரு விளிம்புக்குக் கொண்டுபோய், அங்கே தனியாக விட்டுவிடுகிறது. கார்ஸ்டன் அதே விளிம்புக்குக் கொண்டுபோகிறார். அங்கே கிக் காத்திருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் அது அதே நொடியில் வருகிறது. அழுகை அப்படியே இருக்கிறது, ஆனால் நீங்கள் தனியாக இல்லை. காலியான அரங்கத்தில் 1963-இல் வாசித்தது எவ்வளவு பொருத்தமோ, நிரம்பி வழியும் அரங்கத்தில் 1999-இல் ஒலித்ததும் அவ்வளவு பொருத்தம் என்று நான் நம்புவது இதனால்தான். அந்த இசை துக்கத்தை மட்டும் தாங்கி நிற்கவில்லை. ஒன்றை உடம்பு முழுக்க ஏங்குவது என்றால் என்ன என்பதைத் தாங்கி நிற்கிறது. ஏக்கம் துக்க வீட்டுக்கு மட்டும் சொந்தமானதா என்ன?

இன்னொரு நுட்பம். அடாஜியோ பி ஃப்ளாட் மைனரில் நகர்கிறது. ஆனால் அந்த வீட்டில் போய் முடிவதில்லை. கடைசிக் கார்டு எஃப் மேஜர். வீட்டு வாசலில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் கார்டு அது. காது இன்னும் ஒன்றை எதிர்பார்க்கிறது, பார்பர் அதைத் தருவதில்லை. டி.ஜே. தொழிலே இப்படித்தான். எந்தப் பாட்டையும் முழுக்க முடியவிடக் கூடாது, முடிவதற்குள் அடுத்தது உள்ளே வந்திருக்க வேண்டும். முடியாத கார்டில் முடியும் ஓர் இசை, எதையும் முடிக்காத ஒரு தொழிலின் கைக்கு 63 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. எழுதும்போதே எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அவமதிப்பு என்றவர்களுக்கு இப்போது பதில். அடாஜியோவை முதன்முதலில் உருமாற்றியவர் பார்பர்தான். நான்கு பேர் ஓர் அறையில் வாசிக்க எழுதியதைப் பெரிய குழுவுக்கு மாற்றினார். அதோடு நிற்கவில்லை. 1967-இல் அதே இசைக்கு 'ஆக்னஸ் டேய்' என்ற லத்தீன் வழிபாட்டு வரிகளைப் பொருத்தி, வாத்தியமே இல்லாத பாடகர் குழுவுக்கு எழுதினார். அறை, அரங்கம், தேவாலயம் என்று மூன்று இடங்களுக்கு அவரே அதைக் கூட்டிப்போனார். நான்காவது இடத்துக்கு ஒரு ராட்டர்டாம்காரர் கூட்டிப்போனார். பார்பர் 1981-இல் இறந்துவிட்டார், அவரிடம் கேட்க வழியில்லை. ஆனால் அந்த இசைக்கு ஒரே ஒரு புனித வடிவம்தான் உண்டு என்று அவர் நினைத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

டியெஸ்டோவின் அடாஜியோவைப் பற்றி எழுதாமல் விட்டால் பலர் கோபிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த மெட்டு தெரிந்திருப்பதே அவரால்தான். 2004-இல் வந்த 'ஜஸ்ட் பீ' ஆல்பத்தில் அது இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகள் அணிவகுத்து வரும்போது நேரடியாக இசைத்த முதல் டி.ஜே. ஆனார் டியெஸ்டோ. அன்றைய இசையிலும் அடாஜியோ உண்டு. நெதர்லாந்து வீரர்கள் அவருடைய மேடைக்கு முன்னால் நின்று ஆடத் தொடங்கிவிட்டார்கள், அதிகாரிகள் வந்து நகர்த்த வேண்டியிருந்தது. எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷம் தரும் காட்சி. தங்கள் வாழ்நாளின் மிகப்பெரிய ஊர்வலத்தில் நடக்கிறார்கள், உலகமே பார்க்கிறது, சொந்த ஊர்க்காரன் வாசிக்கிறான், கால் நகருமா?

ஆனாலும் என் ஓட்டு கார்ஸ்டனுக்குத்தான். டியெஸ்டோவின் வடிவம் முன்னால் பாய்கிறது. அதன் ரிஃப் கூர்மையானது, கடுமையானது, மைதானத்தின் கடைசி வரிசை வரை எட்டவேண்டும் என்று செய்தது. எட்டவும் செய்கிறது. ஆனால் அந்த வேகத்தில் பார்பரின் ஒவ்வொரு படியும் கேட்பதில்லை. மெட்டின் மேல் ஏறி ஓடுகிறது. கார்ஸ்டன் படிகளை விட்டுவைக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போக அந்த மெட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் தருகிறார். நிமிடத்துக்கு நூற்று முப்பதுக்கு மேல் ஓடும் தாளத்துக்கு மேலே, எழுதியபோது மிக மெதுவாக வாசிக்கச் சொன்ன ஒரு மெட்டு அவசரப்படாமல் நடக்கிறது. இரண்டு வேகங்கள் ஒன்றை ஒன்று கெடுக்காமல் ஒரே பாட்டில் இருக்கின்றன. கார்ஸ்டனின் பாணி எது என்று கேட்ட வாசகிக்கு இதைத்தான் காட்டுவேன்.

இந்தத் திறமையை வேறு உலகங்களும் கவனித்தன. 2002 ஜனவரி 1 அன்று வெளியான 'ஐ ஆம்' ஆல்பத்தில் ஜப்பானியப் பாப் உலகின் உச்ச நட்சத்திரம் அயுமி ஹமாசாகி பாடிய 'கனெக்டட்' கார்ஸ்டன் இசையமைத்தது. அதே ஆண்டில் அவர் 'பங்க்' என்ற பாட்டைப் போட்டு, ட்ரான்ஸ் ரசிகர்கள் பலரைத் திகைக்க வைத்தார். சூப்பர்சா போய், எலக்ட்ரோவின் கரடுமுரடான பேஸ் வந்துவிட்டது. அந்தத் திருப்பம் தனி அத்தியாயம். 'ரைட் ஆஃப் வே' ஆல்பத்தோடு சேர்த்துப் பிறகு வருகிறேன்.

இப்படியாக இந்த வாரத்தின் பக்கங்களை அடாஜியோவே எடுத்துக்கொண்டது. பக்கத்தை மூட வேண்டிய நேரமும் ஆகிவிட்டது. கௌரியெல்லா அடுத்த வாரம், உறுதியாக. 'கௌரியெல்லா', 'வால்ஹாலா', 'டென்ஷி' என்று மூன்று பாட்டுகளை கார்ஸ்டனும் டியெஸ்டோவும் சேர்ந்து செய்தார்கள். 2002-இல் 'லிகாயா' வந்தபோது டியெஸ்டோ இல்லை. பிறகு அந்தப் பெயர் நெடுங்காலம் தூங்கியது, 2015-இல் கார்ஸ்டன் மட்டும் தனியாக அதை எழுப்பினார். இருவர் சேர்ந்து செய்த மூன்றில் யாருடைய கை எங்கே இருக்கிறது என்று காதால் பிரித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் அடுத்த வாரத்து வேலை. அதற்குள் 'டென்ஷி'யை ஒருமுறை கேட்டு வைத்திருங்கள். முழு நீள வடிவத்தை, ஹெட்ஃபோனில்.